புட்டி பணியாதபோது: மினியேச்சர் உருவங்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

28 அல்லது 32 மி.மீ. அளவிலான மினியேச்சர் உருவங்களைப் புதிதாகச் செய்பவர்களும், கடையில் வாங்கிய உருவத்தின் கையை வெட்டி வேறு ஆயுதத்தையோ மேலங்கியையோ சேர்த்து மாற்றியமைப்பவர்களும், வேலையில் ஏதேனும் கோளாறு நேர்ந்தவுடன் வேறு புட்டி (பிசைந்து உருக்கொடுத்தால் பிறகு இறுகும் களிமண் போன்ற பொருள்) வாங்கிவிடுகிறார்கள். பெரும்பாலான கோளாறுகளுக்கு அந்தச் செலவு தேவைப்படாது. கலவையின் விகிதம், பிசைந்த விதம், பொட்டலத்தின் வயது, ஒட்டவேண்டிய பரப்பின் சுத்தம் ஆகிய நான்கையும் பார்த்து முடித்த பிறகே புட்டியின் மீது பழி போட வேண்டும். புட்டியை மாற்றினால் ஒழியத் தீராத கோளாறுகளும் சில உண்டு. அவற்றை அந்தந்த இடத்தில் குறிப்பிட்டிருக்கிறேன்.

கீழே அடிக்கடி வரப்போகும் பெயர்கள் சில. நீலமும் மஞ்சளுமாக ஒரே நாடாவில் வரும் நீடடைட் என்னும் எபாக்ஸி (இரண்டு பகுதிகளைக் கலந்தால் இறுகும் பிசின்) புட்டியைத்தான் எல்லோரும் கிரீன் ஸ்டஃப் என்கிறார்கள். மில்லிபுட் வேல்ஸில் தயாராவது; இரண்டு குச்சிகளாக வரும், அதில் சூப்பர்ஃபைன் ஒயிட் என்னும் வெள்ளை வகையே நுண்வேலைக்கு உகந்தது. மேஜிக் ஸ்கல்ப், அபாக்ஸி ஸ்கல்ப்ட் இரண்டும் டப்பாக்களில் வரும் எபாக்ஸி புட்டிகள். எம்-சீல் நம் ஊர் ஹார்டுவேர் கடைகள் எல்லாவற்றிலும் கிடைப்பது. சூப்பர் ஸ்கல்பி, ஃபீமோ போன்றவை எபாக்ஸி அல்ல. அடுப்பில் சுட்டால் மட்டுமே இறுகும் பாலிமர் களிமண்.

எந்தப் புட்டியாக இருந்தாலும், ஒவ்வொரு முறை கலக்கும்போதும் அதே கலவையில் கடுகளவு எடுத்து ஓர் அட்டைத் துண்டில் அப்பி, பக்கத்தில் கலந்த நேரத்தை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். உருவத்தைத் தொடாமலே, நகத்தால் இந்தச் சாட்சித் துண்டை அழுத்திப் பார்த்து நிலைமையை அறியலாம். கீழே சொல்லப்படும் சோதனைகளில் பாதி, இந்தத் துண்டு இருந்தால்தான் நடக்கும்.

அறிகுறி: ஒரு நாள் கடந்தும் புட்டி இறுகவில்லை

முதலில், எங்கே இறுகவில்லை என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காரணம் அதைப் பொறுத்தே மாறும்.

*மேற்பரப்பு மட்டும் பிசுபிசுக்கிறது, உள்ளே கெட்டியாக இருக்கிறது.* ஊசி முனையால் மறைவான ஓரிடத்தில் குத்திப் பாருங்கள். முனை இறங்காவிட்டால் புட்டி இறுகிவிட்டது என்றே பொருள். மேலே இருப்பது மழைக்காலத்து ஈரக் காற்றில் எபாக்ஸியின் மீது படியும் மெழுகு போன்ற படலமாக இருக்கலாம். அல்லது வேலையின்போது நீங்களே தடவிய வாசலினோ எண்ணெயோவாக இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில சொட்டுகள் விட்டு, பழைய பல்துலக்கியால் மென்மையாகத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும்.

*திட்டுத் திட்டாக மென்மையாக இருக்கிறது.* பிசைந்தது போதவில்லை. இறுகாத இடத்திலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளி, இரண்டாகக் கிழித்து, கிழிந்த முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். கிரீன் ஸ்டஃப் என்றால் பச்சைக்கு நடுவே மஞ்சள் நூல்கள் ஓடும். வெள்ளை மில்லிபுட்டில் நிற வேறுபாடு மிகக் குறைவு என்பதால் பூதக்கண்ணாடி தேவைப்படும். உருண்டையின் வெளிப்புறம் ஒரே நிறமாகத் தெரிந்தாலும் உள்ளே கோடுகள் மிஞ்சியிருப்பது சாதாரணம். ஆகவே இனிமேல் பிசையும்போது நிறம் ஒன்றான பிறகும் ஐந்து நிமிடம் தொடர்ந்து, நடுவே இரண்டு மூன்று முறை கிழித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. இப்போதைய உருவத்தில், மென்மையான திட்டுகளைப் பல்குச்சியால் தோண்டி எடுத்துவிட்டுப் புதுப் புட்டியால் நிரப்ப வேண்டும். காத்திருப்பதால் பயன் இல்லை.

*முழுவதும் மென்மையாக இருக்கிறது.* சாட்சித் துண்டைப் பாருங்கள். அதுவும் மென்மையாக இருந்தால் அதை மட்டும் எரியும் மேசை விளக்கின் அருகே, கை பொறுக்கும் சூட்டில், மூன்று நான்கு மணி நேரம் வையுங்கள். துண்டு இறுகிவிட்டால் கலவை சரியானதே, குளிரூட்டப்பட்ட அறையில் வேலை செய்ததால் தாமதமாகிறது என்று கொண்டு உருவத்தையும் வெளியே எடுத்து வைத்துவிடலாம். உலோக உருவத்தை விளக்கருகே வைப்பதில் தயக்கம் வேண்டாம். பிளாஸ்டிக் உருவத்தையும் ரெசின் வார்ப்பையும் 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற விடக் கூடாது, ஏனெனில் வாளும் ஈட்டியும் முதலில் வளைந்துவிடும்.

சூட்டிலும் துண்டு இறுகாவிட்டால் விகிதம் தவறியிருக்கிறது. மில்லிபுட், அபாக்ஸி ஸ்கல்ப்ட் இரண்டுக்கும் சம அளவு என்பதில் தளர்வு குறைவு. கண்ணளவில் கிள்ளி எடுக்காமல், இரண்டையும் ஒரே தடிமன் கொண்ட நூலாக உருட்டி, ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்து, ஒரே நீளத்துக்கு வெட்டுவதே சரி. கிரீன் ஸ்டஃப் விகித மாற்றத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். மஞ்சள் கூடினால் மென்மையும் ஒட்டும் தன்மையும் கூடும். நீலம் கூடினால் கெட்டிப்பட்டு விளிம்பு நிற்கும். வேண்டுமென்றே அப்படி மாற்றுகிறவர்களும் உண்டு, ஆனால் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு என்பதைத் தாண்டிப் போவதில் பொருளில்லை.

விகிதமும் சரி, பிசைந்ததும் சரி என்றால் பொட்டலம் பழையது. விகிதக் கோளாறானாலும் பழைய சரக்கானாலும் உருவத்தின் மேல் இருப்பதை அகற்றித்தான் ஆக வேண்டும். பெரும்பகுதியைக் குச்சியால் வழித்தெடுத்து, எஞ்சியதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள். நெயில் பாலிஷ் நீக்கியைக் கொண்டு துடைக்கத் தோன்றும். அதில் பெரும்பாலும் இருக்கும் அசிட்டோன், பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். அது உலோக உருவங்களுக்கு மட்டுமே ஆகும்.

அறிகுறி: பிசையும்போதே மணல்போல் நெருடுகிறது, கட்டிகள் தட்டுப்படுகின்றன

கிரீன் ஸ்டஃப் நாடாவாக வாங்கியிருந்தால் வேறு எங்கும் தேட வேண்டியதில்லை. நீலமும் மஞ்சளும் தொட்டுக்கொண்டிருக்கும் நடுக்கோடு, பொட்டலத்துக்குள்ளேயே இறுகிப்போயிருக்கும். அந்தக் கோட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு மில்லிமீட்டர் சேர்த்து வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைக் கலந்தால் கட்டி இராது. பட்டைகள் தனித்தனியாக வரும் பொட்டலம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். நாடாவாகக் கிடைத்ததையும், வாங்கிய அன்றே நடுவே வெட்டிப் பிரித்துத் தனித்தனி உறைகளில் போட்டு, ஃப்ரீசரில் வைத்தால் நெடுநாள் வரும்.

மில்லிபுட்டிலோ டப்பாப் புட்டியிலோ மேல்தோல் தடித்திருந்தால் அதைக் கத்தியால் சீவிவிட்டு உள்ளிருப்பதைப் பயன்படுத்தலாம். உள்ளும் நொறுங்கினால், உறையோடு சுடுநீரில் சில நிமிடம் வைத்துப் பாருங்கள். இளகிக் குழைந்தால் இன்னும் பயன்படும், இல்லையேல் கழித்துவிட வேண்டியதுதான்.

எம்-சீல் நெருடினால் அது பழுதல்ல, அதன் இயல்பு. ஒழுகும் குழாயை அடைப்பதற்காகச் செய்யப்பட்ட பொருளில் முகத்தின் கண்ணிமையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. உருவம் நிற்கும் பீடத்தின் பாறை, மரத்தின் அடித்தண்டு, பெரிய விலங்கின் உள்ளுடல் ஆகியவற்றை எம்-சீலால் நிரப்பி, மேலே ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு மட்டும் நல்ல புட்டியைப் போர்த்தினால் செலவு வெகுவாகக் குறையும்.

அறிகுறி: வேலை முடிவதற்குள் இறுகிவிடுகிறது

புட்டி உறையில் அச்சிட்டிருக்கும் நேரம் இருபது டிகிரி அளவிலான அறைக்கு உரியது. சித்திரை, வைகாசியில் மின்விசிறியின் கீழ் 34 டிகிரியில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அதில் பாதி கிடைத்தாலே அதிகம். வெப்பநிலை பத்து டிகிரி ஏறினால் எபாக்ஸி இறுகும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

எளிய தீர்வுகளிலிருந்து தொடங்குங்கள். ஒரே சமயத்தில் ஒரு பட்டாணிக்கு மேல் கலக்காதீர்கள். பெரிய உருண்டை தன் சூட்டிலேயே விரைந்து இறுகும். கலந்த உருண்டையைத் தட்டையாக்கி, பனிக்கட்டி நிரம்பிய கிண்ணத்தின் மேல் வைத்த தட்டில் பரப்பிவைத்து, வேண்டியதை மட்டும் கிள்ளி எடுங்கள். இடையில் எழுந்துபோக நேர்ந்தால் காற்றுப் புகாத உறையில் ஃப்ரீசரில் வைத்துவிட்டு வரலாம். வெளியே எடுத்ததும் உறையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வர விட வேண்டும், அவசரப்பட்டால் மேலே நீர் கோத்துவிடும். டாமியா நிறுவனத்தின் எபாக்ஸி புட்டியில் விரைந்து இறுகும் வகை ஒன்று தனியாக உண்டு. உறையைத் திருப்பிப் பாருங்கள், அதை வாங்கிவிட்டு அவதிப்படுபவர்கள் பலர். இவை எதுவும் உதவாமல், ஒரே அமர்வில் முழு உருவத்தையும் முடிக்க விரும்பினால் பாலிமர் களிமண்ணுக்கு மாறுங்கள். சுடும்வரை அது இறுகாது, வாரக்கணக்கில் திருத்தலாம்.

அறிகுறி: விரலில் ஒட்டுகிறது, உருவத்தில் ஒட்ட மறுக்கிறது

கலந்த உடனே புட்டியின் பசைத்தன்மை உச்சத்தில் இருக்கும்; அரை மணி நேரத்துக்குப் பின் விரலுக்கு இதமாக இருக்கும்போது உருவத்தின் மேல் பிடிப்பும் குறைந்துவிடும். ஆகவே வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். கலந்தவுடன் மிக மெல்லிய ஒரு பூச்சை உருவத்தின் மேல் அழுத்தித் தேய்த்துவிடுங்கள். மிச்சப் புட்டி இருபது முப்பது நிமிடம் அடங்கிய பிறகு அதை அந்தப் பூச்சின் மேல் ஏற்றினால் கருவியோடு பெயர்ந்து வராது.

கருவியில் ஒட்டாமலிருக்க கிரீன் ஸ்டஃபுக்கும் மில்லிபுட்டுக்கும் தண்ணீரே போதும். வேறுபாடு என்னவென்றால், மில்லிபுட் தண்ணீரில் கரைந்து குழம்பாகும், கிரீன் ஸ்டஃப் கரையாது. இடுக்குகளை அடைக்கும்போது இந்தக் கரைசல் மிக நல்லது: இடுக்கில் புட்டியை அழுத்திவிட்டு, ஈரத் தூரிகையால் இரு பக்கமும் வழித்துவிட்டால் தேய்க்க வேண்டிய வேலையே பாதி மிச்சம். ஆனால் சிற்பவேலையில் அதே ஈரம் அதிகமானால் புட்டி சேறாகி, பிடிப்பும் போய்விடும். எண்ணெயும் வாசலினும் எளிதாக இருந்தாலும், அடுத்த அடுக்குக்கும் பெயின்ட்டுக்கும் பகை.

எஃகுக் கருவியில் எப்போதும் ஒட்டிக்கொண்டே இருந்தால் அதன் முனையைப் பாருங்கள். முந்தைய வேலையின் இறுகிய துகள் ஒன்று அங்கே இருந்தாலும் புதுப்புட்டி அதைத்தான் பிடித்துக்கொள்ளும். பல் மருத்துவர்களுக்கான மெழுகு செதுக்கும் கருவியை வாங்கி, முனையை நுண்ணிய உப்புத்தாளால் பளபளப்பாக்கிக் கொள்வதும், சிலிக்கான் முனையுள்ள தூரிகை ஒன்றை உடன் வைத்துக்கொள்வதும் இந்தக் கைவேலைக்கு ஆகும் செலவுகளில் மிகவும் பயனுள்ளவை.

அறிகுறி: விளிம்புகள் மழுங்குகின்றன, தட்டையான பரப்பு தட்டையாக நிற்கவில்லை

கிரீன் ஸ்டஃபோடு போராடும் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது. கவசத் தகட்டின் ஓரத்தைக் கூராக இழுத்துவிட்டுக் கருவியை எடுத்தால், அது மெல்லத் திரும்பி உருண்டுவிடும். ரப்பர்போல் மீளும் குணம் அந்தப் புட்டியிலேயே இருக்கிறது. தசை, துணி மடிப்பு, முடி, ரோமம் ஆகியவற்றுக்கு வரமாக இருக்கும் அதே குணம், இயந்திரத்துக்கும் கவசத்துக்கும் தடையாகிறது.

புட்டியை மாற்றுவதற்கு முன் நேரத்தை மாற்றிப் பாருங்கள். கலந்ததும் பொது வடிவத்தை மட்டும் கொண்டுவந்துவிட்டு, விளிம்பைத் தொடாமல் விட்டுவிடுங்கள். நாற்பது நிமிடம் கழித்து (கோடையில் அதற்கும் முன்னதாக) சாட்சித் துண்டில் நகம் பதிந்து, பதிந்த தடம் மீளாமல் நின்றால், அப்போதுதான் விளிம்பு இழுக்கும் தருணம். இந்த வாய்ப்பு நெடுநேரம் நீடிக்காது. தவறவிட்டால் மூன்று நான்கு மணி நேரம் கழித்து, புட்டி தோல் போன்ற பதத்தில் இருக்கும்போது புதிய அலகு மாட்டிய கத்தியால் ஒரே வீச்சில் வெட்டி விளிம்பெடுக்கலாம். பழைய அலகு இழுத்துக் கிழிக்கும்.

நேரத்திலும் தீராவிட்டால் கலவையை மாற்றுங்கள். நீலத்தைச் சற்றே கூட்டுவது முதல் படி. இரண்டாவது படி, கிரீன் ஸ்டஃபையும் மில்லிபுட்டையும் தனித்தனியாக முழுமையாகப் பிசைந்து முடித்தபின் இரண்டையும் சம அளவில் சேர்த்துப் பிசைவது. நான்கு பொருள்களையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்தால் எது எதோடு கலந்தது என்றே தெரியாது. இந்தக் கலவையில் கிரீன் ஸ்டஃபின் இழுவைத் தன்மை பாதி நிற்கும், மில்லிபுட்டின் தேய்க்கும் வசதி பாதி வரும். என்னைக் கேட்டால், மாற்றியமைக்கும் வேலை மட்டும் செய்பவர் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டாலே போதும், மூன்றாவது பொட்டலம் தேவையில்லை.

புதிதாக முழுக் கவச வீரனையே செய்கிறவர் பிரௌன் ஸ்டஃப் என்னும் நீடடைட்டின் மற்றொரு வகையையோ, மேஜிக் ஸ்கல்ப்பையோ வாங்குவது நியாயமே. அவை விளிம்பைப் பிடித்து நிற்கும், மீளும் குணம் குறைவு. இந்த அறிகுறிக்குப் புட்டியை மாற்றுவது தோல்வியல்ல, சரியான தேர்வு.

இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: அந்தப் பாகத்தைப் புட்டியில் செய்தாக வேண்டுமா? வாள், கோடரியின் அலகு, துப்பாக்கிக் குழல் முதலியவற்றை அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டிலும் பித்தளைக் குழாயிலும் வெட்டி எடுத்தால், எந்தப் புட்டியாலும் எட்ட முடியாத நேர்த்தி கிடைக்கும். இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கவேண்டிய பற்சக்கரம், சின்னம் பொறித்த தோள் கவசம் போன்றவை பத்துப் பன்னிரண்டு வேண்டுமென்றால், ரெசின் முப்பரிமாண அச்சு எடுத்துத் தருபவரிடம் கொடுத்துவிடுவது, கையால் செய்யச் செலவாகும் நேரத்தையும் புட்டியையும் கணக்கிட்டால் மலிவானதே.

அறிகுறி: உப்புத்தாள் போட்டால் பஞ்சுபோல் கிளம்புகிறது

கிரீன் ஸ்டஃப் முழுதும் இறுகிய பின்னும் சற்று ரப்பர்போலவே இருக்கும். உப்புத்தாள் அதை அராவாமல் நாராகக் கிழிக்கும். ஒரு முழு நாள் ஆகவில்லை என்றால் முதலில் காத்திருங்கள். ஆகிவிட்டது என்றால் உப்புத்தாளை விட்டுவிட்டு, கத்தி அலகைக் குத்தாக நிறுத்திச் சுரண்டிப் பாருங்கள். கிளம்பிவிட்ட நார்களின் மேல் சூப்பர் க்ளூவை மெல்லத் தடவி, காய்ந்தபின் 600 எண் நீர் உப்புத்தாளால் ஈரத்தோடு தேய்த்தால் ஓரளவு சமன்படும். தேய்த்துத்தான் ஆக வேண்டிய பாகங்களுக்கு, தொடக்கத்திலேயே மில்லிபுட் கலந்துவிடுவது நல்லது.

அறிகுறி: மெல்லிய பாகங்கள் ஒடிகின்றன

மேலே சொன்னதற்கு நேர்மாறான கோளாறு. மில்லிபுட்டும் எம்-சீலும் கல்போல் இறுகுபவை, கல்போலவே ஒடிபவை. விரல்கள், கொம்பு, கச்சையின் தொங்கும் நுனி ஆகியவற்றை இவற்றில் மட்டும் செய்தால் மேசையிலிருந்து ஒருமுறை விழுந்தாலே போய்விடும். உள்ளே அரை மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி கொடுத்து, கம்பியை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, முறுக்கிய மெல்லிய செம்புக் கம்பி ஒன்றை அதன் மேல் சுற்றிவிட்டால் புட்டிக்குப் பிடிமானம் கிடைக்கும். கம்பிக்கு இடமில்லாத அளவுக்கு மெல்லியதென்றால் கிரீன் ஸ்டஃபே சரி. அது வளையும், ஒடியாது.

பாலிமர் களிமண் ஒடிந்தால் பெரும்பாலும் சூடு போதவில்லை. சூப்பர் ஸ்கல்பிக்கு 130 டிகிரி செல்சியஸ், ஒவ்வொரு 6 மி.மீ. தடிமனுக்கும் 15 நிமிடம் என்பது தயாரிப்பாளரின் அளவு. வீட்டு அவன் அடுப்புகளின் எண்பலகையை நம்ப முடியாது. தனியாக ஓர் அடுப்பு வெப்பமானியை உள்ளே வைத்துப் பாருங்கள். நிறம் கருத்துக் காரமான புகை வந்தால் சூடு மிஞ்சிவிட்டது; அடுப்பை நிறுத்தி, சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள்.

அறிகுறி: இறுகிய புட்டி உருவத்திலிருந்து பெயர்ந்து வருகிறது

பெயர்ந்த துண்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அது கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருந்தால், பரப்பைச் சுரண்டாமல் ஒட்டியிருக்கிறீர்கள். கத்தி முனையால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, சூப்பர் க்ளூவால் அதே துண்டை மீண்டும் பொருத்திவிடலாம். புதிதாகச் செய்யத் தேவையில்லை. அடிப்பக்கத்தில் பெயின்ட்டோ பிரைமரோ (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) ஒட்டி வந்திருந்தால், புட்டி பிடித்திருக்கிறது, அடியிலிருந்த பூச்சுதான் விட்டிருக்கிறது; பெயின்ட்டை வெறும் உலோகம் அல்லது பிளாஸ்டிக் தெரியும்வரை சுரண்டிவிட்டுப் பொருத்த வேண்டும். எண்ணெய்ப் பசை தட்டுப்பட்டால், வார்ப்பு அச்சிலிருந்து உருவத்தை எளிதில் எடுப்பதற்காகப் பூசிய பொருள் மிஞ்சியிருக்கிறது. ரெசின் வார்ப்புகளில் இது மிகுதி. சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, பிறகு ஒட்டுங்கள். கனமான துண்டுகளுக்குக் கைத்துளைக் கருவியால் துளையிட்டுக் கம்பி செருகுவதற்கு மாற்றே இல்லை.

பழைய ஈய உருவத்தில் புட்டியின் அடியில் சாம்பல் கலந்த வெண்பொடி பூத்திருந்தால் நிலைமை வேறு. உலோகமே அரிபடுகிறது. அந்தப் பொடி நச்சுத்தன்மை கொண்டது. ஊதவோ உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கவோ கூடாது. சாதாரண உருவமென்றால் மூடிய டப்பாவில் தனியே ஒதுக்குங்கள். சேகரிப்பு மதிப்புள்ளதென்றால் மேற்கொண்டு எதையும் செய்யாமல் உலோகப் பொருள் பாதுகாப்பு வல்லுநரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

அறிகுறி: விரிசல் விடுகிறது, குழி விழுகிறது

எபாக்ஸி புட்டிகளில் சுருக்கம் மிகக் குறைவு. விரிசல் கண்டால், நீங்கள் பயன்படுத்தியது டியூபில் வரும் கரைப்பான் புட்டியாகவோ காற்றில் உலரும் களிமண்ணாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். டியூப் புட்டியை ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த இடுக்குக்கு மட்டும், மெல்லிய அடுக்குகளாக, ஒன்று உலர்ந்தபின் அடுத்தது என்று போட வேண்டும். தடிமனாகப் போட்டால் சுருங்குவதோடு, அதன் கரைப்பான் அடியிலிருக்கும் பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும். காற்றில் உலரும் களிமண் இந்த அளவு உருவங்களுக்கு ஏற்றதே அல்ல.

அறிகுறி: புட்டி பட்ட இடத்தில் பிளாஸ்டிக் இளகுகிறது

பாலிமர் களிமண்ணை பிளாஸ்டிக் உருவத்தின் மேல் வைத்திருக்கிறீர்கள். அதிலுள்ள இளக்கி பாலிஸ்டைரினைத் தாக்கும். சுடவும் வழியில்லை, ஏனெனில் 130 டிகிரியில் அந்த உருவம் துவண்டுவிடும். உடனே எடுத்துவிட்டு, சோப்பு நீரால் கழுவி, சில நாள் உலரவிட்டு, எபாக்ஸி புட்டியால் திருத்துங்கள். இங்கே சோதனை எதுவும் தேவையில்லை, புட்டியை மாற்றியே ஆக வேண்டும்.

அறிகுறி: பெயின்ட் நிற்கவில்லை, பூசியபின் கைரேகை தெரிகிறது

பெயின்ட் திரண்டு விலகினால் எண்ணெய். கழுவி, உலர்த்தி, பிரைமர் அடியுங்கள். கைரேகைகளைப் புட்டி மென்மையாக இருக்கும்போதே நீக்க வேண்டும்: கிரீன் ஸ்டஃபை ஈரமான சிலிக்கான் முனையால் வழிக்கலாம், மில்லிபுட்டை ஈரத் தூரிகையால் நீவலாம், பாலிமர் களிமண்ணுக்கும் மேஜிக் ஸ்கல்ப்புக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட தூரிகை. எல்லாம் முடிந்தபின் பல நிறங்களில் இருக்கும் உருவத்தில் குறை தெரியாது. சாம்பல் நிறப் பிரைமரை ஒரு மெல்லிய பூச்சு அடித்துப் பார்த்தால் எல்லாம் வெளிப்பட்டுவிடும்.

அறிகுறி: விரல்களில் சிவப்பு, அரிப்பு, கொப்புளம்

இதில் வீட்டுச் சோதனைக்கு இடமில்லை. இறுகாத எபாக்ஸியும் அதை இறுகச் செய்யும் ஹார்டனரும் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக் கூடியவை. ஒருமுறை அது வந்துவிட்டால் அடுத்த முறை மிகச் சிறிய அளவே போதும், அந்த ஒவ்வாமை பெரும்பாலும் நிலைத்துவிடும். வேலையை அத்தோடு நிறுத்தி, கையைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். ஆல்கஹாலால் துடைத்தால் பிசின் கரைந்து தோலுக்குள் இறங்கும். புட்டியின் உறையை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள். கண் இமையிலோ முகத்திலோ வீக்கம் இருந்தால் அன்றே போக வேண்டும். இன்னும் அறிகுறி எதுவும் வராதவர்கள் நைட்ரைல் கையுறையோடு பிசைவதைப் பழக்கிக்கொள்ளலாம். இறுகிய புட்டியைத் தேய்க்கும்போது நீர் உப்புத்தாளும் என்-95 முகக்கவசமும் வேண்டும்.

அறிகுறி: வார்ப்பு அச்சு எடுக்கும்போது மூல உருவம் சேதமாகிறது

ஒரே உருவத்தைப் பல பிரதிகளாக வார்க்க விரும்புகிறவர்களுக்கு மட்டும் இது. உலோகச் சுழல் வார்ப்புக்கான (சுழலும் அச்சில் உருகிய உலோகத்தை ஊற்றும் முறை) ரப்பர் அச்சு, அழுத்தத்தோடு ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் இறுக்கப்படுவது. மில்லிபுட்டின் தயாரிப்பாளர் சொல்லும் வெப்ப எல்லையே 130 டிகிரிதான். கிரீன் ஸ்டஃப் அந்த அச்சைப் பெரும்பாலும் தாங்கும், உலோக உருவச் சிற்பிகளிடையே அது வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம். அறை வெப்பத்தில் இறுகும் சிலிக்கான் அச்சுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் பிளாட்டினம் வகைச் சிலிக்கான், கந்தகம் கலந்த மாதிரிக் களிமண்ணைத் தொட்ட இடத்தில் இறுகாமல் கூழாகவே நின்றுவிடும். உருவத்தின் அடியில் மறைவான இடத்தில் ஒரு சொட்டுச் சிலிக்கானை ஊற்றி, அது இறுகுகிறதா என்று பார்த்துவிட்டு முழு அச்சையும் ஊற்றுங்கள். சுழல் வார்ப்புக்குக் கொடுப்பதாக இருந்தால் புட்டியைப் பிரிப்பதற்கு முன்பே வார்ப்பவரிடம் மூன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: எந்த வகை அச்சு, எத்தனை டிகிரி, எவ்வளவு மெல்லிய பாகம்வரை தாங்கும். முடித்த உருவத்தை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டால், பதில் எதுவாக இருந்தாலும் அதைத் திருத்த வழியிருக்காது.